ஜவ்வாது மலையில் வியாழனோடு நான்கு இரவுகள்

முதல் நாள்

காலை ஐந்தரைக்குச் சென்னையை விட்டுக் கிளம்பினோம். காரின் பின்சீட்டை மடக்கி, பழைய மெத்தை ஒன்றை விரித்து, அதில் தொலைநோக்கியின் குழாயைப் படுக்கப் போட்டிருந்தேன். சுங்கச்சாவடியில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு "பீரங்கியா சார்?" என்றார். 8 அங்குல ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம். ஆடியை நானே தேய்த்தேன். மொட்டைமாடியில் ஒரு தகர டிரம்மை நட்டுவைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கரைத்தேன். அதனால் அதன் குறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். வெளியில் சொல்வதில்லை.

கூட வருபவள் அக்கா மகள் கயல். பொறியியல் மூன்றாம் வருடம். கேமரா, லேப்டாப், மென்பொருள் எல்லாம் அவள் பொறுப்பு. தூக்குவது, திருகுவது, திட்டு வாங்குவது என் பொறுப்பு. குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடிக்கு வண்டி பிடிக்கும் என் அக்கா, பெற்ற மகள் அதே குருவை நேரில் பார்க்கப் போகிறாள் என்றதும் ஆயிரம் கேள்வி கேட்டாள். பாம்பு இருக்குமா, பாத்ரூம் இருக்குமா, பனி ஒத்துக்கொள்ளுமா. மூன்றுக்கும் "இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

எதற்கு இப்போது? வியாழன் 2026 ஜனவரி 10-ஆம் தேதி எதிர்நிலைக்கு வந்தது. அதாவது சூரியனும் வியாழனும் நமக்கு எதிரெதிர்ப் பக்கம். சூரியன் மறையும்போது வியாழன் எழும், விடிய விடிய வானத்தில் இருக்கும். அன்றைக்கு அதன் தூரம் 63 கோடி கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒளி வந்து சேர 35 நிமிடம். எதிர்நிலை கழிந்து இரண்டு வாரம் ஆகிறது, அதனால் பெரிய நஷ்டம் இல்லை. இந்த முறை வியாழன் மிதுனத்தில் இருக்கிறது. நம் அட்சரேகைக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வரும். வடக்கு ஐரோப்பாவில் இருப்பவர்கள் சில வருடங்களில் வியாழனை மரங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே தேடிப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் கஷ்டம் வடகிழக்குப் பருவமழை. போன இரண்டு எதிர்நிலைகளும் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்து, இரண்டையும் மேகத்துக்குத் தாரை வார்த்தேன். இந்த முறைதான் ஜனவரி.

வேலூர் தாண்டியதும் பாலாறு. வழக்கம்போல மணல். ஆம்பூரில் பத்தரை மணிக்கே பிரியாணி தயாராக இருந்தது, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக மலையேறினோம். காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போகும் பாதையில் நண்பர் ஒருவரின் நிலம். அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அவர் மனைவியும் அங்கேயே இருக்கிறார்கள். எங்களுக்கு ஓர் அறை, முன்னால் சிமெண்டுக் களம், களத்தைத் தாண்டினால் சாமை அறுத்த தாள்.

மாலை களத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். கேமராப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா, யூ.எஸ்.பி. கேபிள் எங்க?"

நான் அவளிடம் கேட்க இருந்த கேள்வி அது. பெட்டி, பை, காரின் மூலை முடுக்கு எல்லாம் தேடினோம். ஏழு மணிக்கு வீட்டிலிருந்து போன். "ஃபிரிட்ஜ் மேல ஒரு நீலக் கலர் ஒயர் கிடக்குது, உங்களுதா?"

சரி, முதல் இரவு கேமரா இல்லை. கயல் கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. 6 மி.மீ. கண்ணருகு வில்லையைப் போட்டு, 200 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழனைக் கொண்டுவந்து வைத்தேன். நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் ஒரே கோட்டில் நிலவுகள். கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு. கிழக்கில் கிட்டே இருப்பது அயோ, எட்ட இருப்பது கானிமீடு. மேற்கில் யுரோப்பா, அதற்கும் அப்பால் காலிஸ்டோ. "நாலும் தெரியுது" என்றாள். பேச்சு வந்துவிட்டது.

பழைய டைரி ஒன்றை எடுத்து வட்டம் போட்டு, நான்கு புள்ளி வைத்து, பக்கத்தில் நேரம் எழுதச் சொன்னேன். "இதை எதுக்கு மாமா கையால வரையணும், ஆப்ல இருக்கே" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை வரையச் சொன்னேன். அயோ கோளுக்கு அரை விட்டத்தில் பாதி தூரம் நெருங்கியிருந்தது. அவளே இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கலிலியோ 1610-இல் இதே ஜனவரி மாதம் 7-ஆம் தேதி மூன்று புள்ளிகளைக் கண்டு, விண்மீன்கள் என்று நினைத்து வரைந்துவைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. 13-ஆம் தேதி நான்காவதும் அகப்பட்டது. அவரிடமும் கேபிள் இல்லை.

பெரியவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "என்ன சார் பாக்கறீங்க? விடிவெள்ளியா?"

"இல்லீங்கய்யா, வியாழன்."

"அதானே. விடிவெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு எப்படி உச்சிக்கு ஏறும்?"

சரியான கேள்வி. படித்தவர்கள்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "குண்டுமணி பக்கத்துல கடுகு போட்ட மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள்

காலையில் முதல் வேலை கேபிள். ஆலங்காயத்துக்கு இறங்கினோம். எங்கள் கேமராவுக்கு வேண்டியது தடித்த தலை கொண்ட யூ.எஸ்.பி. 3 கேபிள். மூன்று செல்போன் கடைகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். நாலாவதாக ஒரு ஜெராக்ஸ் கடையில் கயல் பிரிண்டரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிண்டர் கேபிள் பழைய யூ.எஸ்.பி. 2 ரகம். ஆனால் அதன் சதுரத் தலை கேமராவின் துளையில் கீழ்ப்பகுதியில் கச்சிதமாகப் போய் உட்காரும். வேகம் மட்டும் பாதிதான் வரும். கடைக்காரரிடம் உபரியாக ஒன்று இருந்தது. 80 ரூபாய். இந்தப் பயணத்திலேயே உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான்.

திரும்பும் வழியில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் மரங்களுக்கு நடுவே தெரியும். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது, 1986-இல் அதற்கு பாப்புவின் பெயரை வைத்தார்கள். எல்லோரும் அந்தப் பெரியதைத்தான் பேசுவார்கள். நான் கயலிடம் சொன்னது அதைவிடச் சிறியதான 1 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி. அது 1972-இல் இங்கே வந்தது. அதே வருடம் ஜூன் 7-ஆம் தேதி கானிமீடு நகர்ந்துபோய் ஒரு மங்கலான விண்மீனை மறைத்தது. அந்த மறைப்பை இரண்டு இடத்திலிருந்து அளந்தார்கள். ஒன்று ஜாவா தீவின் லெம்பாங், இன்னொன்று காவலூர்.

காற்றே இல்லாத பாறை உருண்டை ஒரு விண்மீனை மறைத்தால், விளக்கை அணைத்தாற்போல் ஒளி பட்டென்று போக வேண்டும். மெல்லிய வளிமண்டலம் இருந்தால் கொஞ்சம் தடுமாறித் தேய்ந்து போகும். அன்றைக்கு ஒளியின் அளவை வரைந்த கோடு தேய்வதுபோல் இருந்தது. கானிமீடில் வளிமண்டலம் இருக்கிறது என்று அறிவித்தார்கள். 1979-இல் வாயேஜர் விண்கலம் பக்கத்திலேயே போய் அளந்தபோது, 1972-இல் சொன்ன அளவுக்குக் கிட்டேகூட எதுவும் இல்லை. அப்புறம் 1990-களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் ஒன்று உண்டு என்று காட்டியது.

"அப்போ காவலூர்க்காரங்க சொன்னது சரியா, தப்பா?" என்று கேட்டாள் கயல்.

"இருக்குன்னு சொன்னது சரி. எவ்வளவுன்னு சொன்னது தப்பு."

"அது பாதி மார்க் மாமா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து, 1977-இல், இதே 1 மீட்டர் தொலைநோக்கி யுரேனஸின் வளையங்களைப் பிடித்த குழுக்களில் ஒன்றாக இருந்தது. அதுவும் விண்மீன் மறைப்புதான். அதற்கு முழு மார்க் போட்டாள்.

இரவு களத்தில் மறுபடி கடை விரித்தோம். இங்கே எங்கள் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது டாப்சன் வகைத் தாங்கி. மரப்பெட்டிதான், வானத்தின் சுழற்சியோடு தானாக நகரும் மோட்டார் கிடையாது. அதனால் நகர விட்டே எடுக்கிறோம். 2.5 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டால் குவியத் தூரம் 3000 மி.மீ. ஆகிறது. சென்சாரில் வியாழன் சுமார் 230 பிக்சல் அகலம். தொலைநோக்கியைக் கோளுக்கு முன்னால் தள்ளிவைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரம் வரை வியாழன் ஊர்ந்துபோக 27 வினாடி. அதை வீடியோவாகப் பிடிக்க வேண்டும். நல்ல கேபிள் இருந்தால் வினாடிக்கு 100 ஃபிரேம் கிடைத்திருக்கும். பிரிண்டர் கேபிளில் 45.

ஒரு போட்டோ எடுக்காமல் ஏன் வீடியோ? காற்று கலங்கிக்கொண்டே இருக்கிறது. ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசைப் பார்ப்பது மாதிரி. ஆயிரம் ஃபிரேமில் சிலநூறு மட்டும் கணநேரம் தெளிந்த தருணத்தில் விழும். அவற்றை மென்பொருள் பொறுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, சராசரி போடும். லக்கி இமேஜிங் என்று இதற்குப் பெயர். பெயரிலேயே அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் எடுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பூமியைப்போல் 11 மடங்கு விட்டமுள்ள உருண்டைக்கு அது தலைதெறிக்கும் வேகம். ஒரு நிமிடத்தில் நடுவட்டத்தில் இருக்கும் மேகம் எங்கள் சென்சாரில் ஒரு பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். இரண்டு நிமிடம் தாண்டினால் படம் இழுபடத் தொடங்கும்.

அன்று இரவு கிடைத்ததெல்லாம் வேகவைத்த முட்டை. கொதிக்கிற பாத்திரத்தின் ஆவி வழியே பார்ப்பதுபோல் வியாழன் நெளிந்துகொண்டிருந்தது. ஆடி குளிரவில்லையா, சீயிங், அதாவது காற்றின் அமைதி, மோசமா, பார்லோ ஒழுங்காக உட்காரவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விண்மீன் ஒன்றை ஃபோகஸிலிருந்து விலக்கி வளையங்களைச் சரிபார்த்தேன். ஒத்த மையம்தான். பத்து மணிக்குப் பெரியவர் வெளியே வந்தார்.

"களத்து மேல வெச்சிருக்கீங்களே சார். பகலெல்லாம் வெயில் குடிச்ச சிமெண்டு. பாதி ராத்திரி வரைக்கும் சூடு விடும். சாமை காய வெக்கிறவனுக்குத் தெரியாதா?"

வெட்கமாக இருந்தது. வெப்பமான தரையில் தொலைநோக்கி வைக்கக்கூடாது என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாள் நிலத்துக்குப் போனோம். அரை மணியில் பட்டைகளின் விளிம்பு கூர்ந்தது.

பதினொன்றே கால் சுமாருக்கு அயோ மேற்கு விளிம்பைத் தொட்டு, கோளுக்குப் பின்னால் போனது. அதைப் படமெடுக்க முடியவில்லை. டாப்சன் தாங்கியில் உச்சிக்கு அருகே ஒரு பள்ளம் உண்டு. குழாய் நேர்செங்குத்தாக நின்றுவிட்டால், பெட்டியைப் பக்கவாட்டில் எவ்வளவு திருப்பினாலும் பார்வை நின்ற இடத்திலேயே சுழலும். வியாழன் அந்தப் பள்ளத்தில் இருந்தது. நம் அட்சரேகை நமக்கு அதிர்ஷ்டம் என்று நேற்று எழுதினேன் அல்லவா, அதற்கு இது வட்டி.

ஆனால் இரண்டு மணிக்கு அது வெளியே வருவதைப் பார்த்தோம். எதிர்நிலை தாண்டிவிட்டதால் வியாழனின் நிழல் இப்போது கொஞ்சம் கிழக்கே சாய்ந்து விழுகிறது. அயோ கோளின் பின்னாலிருந்து வெளிப்பட்டாலும் இன்னும் நிழலுக்குள்ளேயே இருக்கும். ஆகவே விளிம்பில் தோன்றாது. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, வெறும் இருட்டில், ஒரு புள்ளி முளைக்கும். முளைத்து மூன்று நான்கு நிமிடத்தில் முழு ஒளிக்கு வரும். கயல் திரையில் பார்க்காமல் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேமராவைக் கழற்றச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பாரிஸில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஓலே ரோமர் இந்தக் கிரகணங்களின் நேரத்தைத்தான் கணக்குப் பார்த்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் அயோவின் கிரகணம் நேரம் தப்பிக்கொண்டே வந்தது. அயோ தாமதிக்கவில்லை, ஒளிதான் வழியில் நேரம் எடுக்கிறது என்று 1676-இல் சொன்னார். பூமியின் சுற்றுப்பாதையை ஒளி குறுக்கே கடக்க 22 நிமிடம் என்பது அவர் கணக்கு. உண்மையில் 16 நிமிடம் 40 வினாடி. இவருக்கும் பாதி மார்க்தானா என்று கேட்டேன். "பத்து நூற்றாண்டா யாரும் எழுதாத பரீட்சையில முதல் ஆளா எழுதினா முக்கால் போடலாம்" என்றாள்.

அயோ என்ற பெயரை எப்படி எழுதினாலும் நம் காதில் கூப்பாடாகத்தான் விழுகிறது. அது திடீரென்று முளைத்தபோது கயல் சொன்னதும் அதேதான்.

மூன்றாம் நாள்

பகல் முழுவதும் தூக்கம். மதியம் பாட்டி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். இன்றைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம், இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அயோவுக்கு ஒரு சுற்றுக்கு 42 மணி நேரம் 28 நிமிடம். முந்தாநாள் இரவு அது கிழக்கே இருந்து கோளை நெருங்கிக்கொண்டிருந்ததைக் கையால் வரைந்திருந்தோம். அதை வைத்து அடுத்த கடப்பு, அதாவது அயோ கோளின் முன்னால் கடந்துபோவது, எப்போது என்று ஆப்பைத் திறக்காமல் கணக்குப் போடச் சொன்னேன். கயல் சொன்ன நேரம் கால் மணிதான் தவறியது.

ஏழரைக்கே தாள் நிலத்தில் தயார். ஆடியை ஐந்து மணியிலிருந்து வெளியே வைத்துக் குளிரவிட்டிருந்தேன். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. குழாயின் வாய்ப்பக்கத்துச் சிறிய ஆடி வியர்த்துவிடும் என்பதால், வீட்டிலிருந்து ஒயர் இழுத்து கயலின் ஹேர் டிரையரை வைத்திருந்தோம். பாட்டி அதைப் பார்த்து, "அதுக்கும் தல காய வெக்கணுமா" என்றார்.

எட்டரைக்கு அயோ கிழக்கு விளிம்புக்குள் நுழைந்தது. நுழையும்போது ஒரு வெள்ளை மணி விளிம்பில் ஒட்டியிருந்தது போலத் தெரிந்தது. உள்ளே போனதும் வெளிர்ந்த மேகங்களில் கலந்து காணாமல் போனது. கால் மணிக்கு மேல் ஆனது. பிறகு அதே இடத்தில் விளிம்பில் ஒரு கடி. அது வட்டமானது. கறுத்தது. அயோவின் நிழல்.

நிழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அயோவின் விட்டம் 3,643 கிலோமீட்டர், நம் நிலாவைவிடக் கொஞ்சம் பெரியது. இவ்வளவு தூரத்தில் அது எங்கள் சென்சாரில் ஆறு பிக்சல். அதன் நிழலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் அந்த ஆறு பிக்சலும் அப்பட்டமான கறுப்பு. அந்த நேரத்தில் அந்தக் கறுப்புக்குள் வியாழனின் மேகத்தில் யாராவது மிதந்தால், அவர்களுக்கு முழு சூரிய கிரகணம். கோளின் மற்ற எல்லாமே பழுப்பும் வெண்மையுமாகக் குழம்பிக் கிடக்க, இது மட்டும் மை தொட்டு வைத்தது மாதிரி. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். லேப்டாப்பில் எதுவும் செய்யாத மூல வீடியோவிலேயே தெரிந்தது.

எட்டு ஐம்பதிலிருந்து பத்தே முக்கால் வரை ஓயாமல் எடுத்தோம். தள்ளு, கையை எடு, ஆட்டம் அடங்க ஐந்து எண்ணு, ரெக்கார்டு, 20 வினாடி, நிறுத்து, மறுபடி தள்ளு. கயல் "சரி" என்பாள், நான் தள்ளுவேன். பேச்சே கிடையாது. கிணற்றில் இருவர் ஏற்றம் இறைப்பதுபோல் ஒரு தாளம் வந்துவிட்டது. நடுவில் ஊர் நாய் ஒன்று ஒயரில் தடுக்கி லேப்டாப்பை இழுத்தது. இரண்டு ஓட்டம் போனது. நாய்க்குப் பொரை கொடுத்துத் தூர உட்கார வைத்தோம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் பெருஞ்சிவப்புப் புள்ளி சுற்றி வந்தது. என் சிறுவயதுப் பாடப்புத்தகத்தில் அதற்குள் மூன்று பூமி அடங்கும் என்றிருந்தது. இப்போது ஒன்றேகால் பூமிதான் அடங்கும் போல. சுருங்கிக்கொண்டே வருகிறது. அது சுருங்குவதைத் தொடர்ந்து அளப்பதில் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் படங்களுக்கும் பங்குண்டு. பெரிய ஆய்வகங்களால் தினமும் வியாழனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2009 ஜூலை 19-ஆம் தேதி வியாழனில் ஏதோ மோதிய கரும்புள்ளியை முதலில் பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி. தன் வீட்டுத் தொலைநோக்கியில் பார்த்தார். அடுத்த வருடம் ஜூன் 3-ஆம் தேதி ஒரு மோதல் ஒளிவெட்டை அவரும் பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோவும் தனித்தனியே வீடியோவில் பிடித்தார்கள். இருவரிடமும் அது பதிவாகியிருந்ததால்தான் யாரும் சந்தேகிக்கவில்லை. ஒருவரிடம் மட்டும் இருந்திருந்தால் கேமராக் கோளாறு என்று தள்ளியிருப்பார்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு முதல் படத்தை அடுக்கிப் பார்த்தாள். 2,400 ஃபிரேமில் 600 தேறியது. பட்டைகளுக்குள் சுருள் சுருளாக நீலச் சாம்பல் கொக்கிகள், நடுவே அந்த மைப்புள்ளி. அதை உற்றுப் பார்த்தால், மைப்புள்ளிக்கு மேற்கே, அயோவே ஒரு வெளிறிய பொட்டாக மேகத்தின்மேல் தெரிந்தது. பிரிண்டர் கேபிளில். தூங்காமல் காபி போட்டுக் குடித்தோம்.

நான்காம் நாள்

இன்றிரவோடு முடிகிறது. நாளை காலை இறங்க வேண்டும்.

இன்றைக்கு இரவு பார்த்தபோது வியாழனின் மேற்கே யுரோப்பாவும் கானிமீடும் பக்கத்துப் பக்கத்தில், கிழக்கே அயோ. மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் நெருக்கம். காலிஸ்டோ மட்டும் வெளியே. குடும்பப் படம் எடுத்துவிடலாம் என்று கயல் குஷியாகிவிட்டாள். காற்றும் ஒத்துழைத்தது. முந்தைய இரவைவிட அமைதி. பத்து மணிக்குள் பன்னிரண்டு ஓட்டம் எடுத்து, மேகம் ஏறியதும் உள்ளே வந்து அடுக்க உட்கார்ந்தோம்.

அடுக்கியதும் வருவது மங்கலான படம். அதைக் கூர்மையாக்க, படத்தின் பெரிய, சிறிய நுணுக்கங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் மென்பொருள் கருவி ஒன்று உண்டு. ஆறு ஏழு நழுவுபட்டைகள் இருக்கும். இசைக்கச்சேரியில் ஒலி அமைப்பவர் முன்னால் இருப்பது போல. கயல் கானிமீடை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, பட்டைகளை ஏற்றினாள். கானிமீடு 5,268 கிலோமீட்டர், புதனைவிடப் பெரியது, எங்கள் சென்சாரில் ஒன்பது பிக்சல் கூட இல்லை. ஏற்ற ஏற்ற அது தெளிந்த வட்டமானது. இன்னும் ஏற்றினாள். வட்டத்தின் நடுவில் ஒரு கறுத்த திட்டு வந்தது.

"மாமா!"

கானிமீடில் கலிலியோ பகுதி என்ற ஒரு பெரிய கருநிலம் உண்டு. பத்து, பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கும் கைதேர்ந்தவர்கள் அதைப் படமெடுத்திருக்கிறார்கள். 8 அங்குலத்தில், மோட்டார் இல்லாமல், பிரிண்டர் கேபிளில் எடுத்தோம் என்றால் கதையே வேறு. அவள் முகத்தைப் பார்த்தேன். நானும் நம்பத்தான் விரும்பினேன். ஐந்து நிமிடம் நம்பியும் விட்டேன்.

அப்புறம் சொன்னேன், "அதே அளவு யுரோப்பாவுக்கும் போட்டுப் பார்."

யுரோப்பா வழுவழுப்பான பனி உருண்டை. எங்கள் கருவிக்குத் தெரிகிற அளவில் அதன் நடுவே கருந்திட்டு எதுவும் இருக்க நியாயமில்லை. வெட்டினாள், பெரிதாக்கினாள், பட்டைகளை அதே இடத்தில் வைத்தாள். நடுவில் கறுத்த திட்டு. அச்சு அசல் அதே வடிவம், கொஞ்சம் சின்னது. அயோவுக்குப் போட்டாள். அங்கேயும்.

ஒளி வட்டமான குழாய் வழியே வரும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு தட்டும் சில வளையங்களுமாகத்தான் விழும். ஒன்பது பிக்சல் வட்டத்தை அளவுக்கு மீறிக் கூராக்கினால், கருவி அந்த வளையங்களையே நிலமாக்கி வரைந்து கொடுத்துவிடும். விளிம்பு மினுங்கும், நடு இருளும். இல்லாததை அது சேர்ப்பதில்லை என்று சொல்வார்கள். நம் ஆசைக்கு ஏற்ப எதைப் பெரிதாக்குவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் செய்கிறது. அந்த வித்தியாசம் நடுராத்திரியில் தெரியாது.

கயல் கொஞ்ச நேரம் மூன்று கருந்திட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். "காவலூர் கோடு மாதிரி" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடு இவ்வளவு மோசமில்லை, அவர்களிடம் இரண்டு இடத்து அளவு இருந்தது, இருந்தும் கணக்குப் பிசகியது என்று சொல்ல வாயெடுத்து, பேசாமல் விட்டேன். அவள் நழுவுபட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். திட்டு மங்கி, கரைந்து, போய்விட்டது. மிஞ்சியது ஒரு மஞ்சள் கலந்த சாம்பல் வட்டம். விளிம்பு கொஞ்சம் பிசிறு. யுரோப்பாவைவிடப் பெரியது, யுரோப்பாவைவிட மங்கல், நிறம் வேறு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவ்வளவை வைத்து குடும்பப் படத்தை முடித்தாள். கறுத்த திட்டு இருந்த கோப்பை அழித்தாளா என்று நான் கேட்கவில்லை.

காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெரியவர் வந்தார். படத்தைக் காட்டும்படி பாட்டியும் கேட்டார். கயல் லேப்டாப்பைக் காரின் பேனட்மேல் வைத்துத் திறந்தாள். மூன்றாம் இரவின் நிழல் படத்தைக் காட்டுவாள் என்று நினைத்தேன், அதுதான் எங்களுடைய நல்ல படம். அவள் திறந்தது குடும்பப் படம். வியாழன், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று.

பெரியவர் கண்ணுக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கிக் குழாயில பாத்த மாதிரியேதான் இருக்குது பாப்பா. ஒரு கடுகுதான் குறையுது."

"அது காலிஸ்டோ, தாத்தா. ரொம்பத் தூரம் போயிடுச்சு, சட்டத்துக்குள்ள வரல."

"வரலைன்னா வரலைன்னு எழுதி வெச்சுடு" என்றார். பாட்டி ஒரு பாட்டில் தேனும் ஒரு படி சாமையும் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார். மெத்தைமேல் குழாயைப் படுக்கப் போட்டு, வெயில் ஏறுமுன் மலை இறங்கினோம்.